நாற்பத்தேழு பக்க ஆரப்பாளையம்

“வீடியோ கேம் கம்பெனி நடத்தப் போறவளுக்குப் பி.காம் எதுக்குடி? கம்ப்யூட்டர்ல படுத்துக் கெடந்ததெல்லாம் சும்மாவா?”

“ஆஸ்பத்திரி நடத்துறவுக எல்லாரும் டாக்டராப்பா?”

“பாரு ஐரின், உன் மக பேசுற பேச்சை!”

நாகமலை புதுக்கோட்டையில் கணக்கு வாத்தியார் யேசுதாஸ் குரலை உயர்த்தினால் நாலு வீடு தாண்டிக் கேட்கும். அன்று ஆறு வீடு தாண்டிக் கேட்டது. பக்கத்து வீட்டு ஞானம் அடுப்பை அணைத்துவிட்டு, குக்கர் கேஸ்கட் இரவல் கேட்கும் சாக்கில் வந்து வாசலில் நின்றுகொண்டாள். அவள் வீட்டுக் குக்கர் நன்றாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். மகள் ஆஷ்லின் பிளஸ் டூ முடித்துவிட்டாள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கென்று வாத்தியார் கல்லூரிகளை வரிசை போட்டு வைத்திருந்தார். அவளோ சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குள் ஒரு கல்லூரியில் பி.காம் இடம் வாங்கிவிட்டாள். நாலு மணிக்குள் டி.சி.யைக் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். டி.சி. பீரோவில், பீரோச் சாவி வாத்தியார் சட்டைப் பையில். மணி இரண்டு.

“திட்டம் கிட்டம் ஏதாச்சும் இருக்கா, இல்ல வாய் மட்டும்தானா?”

ஆஷ்லின் ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

எழுதிய தாள் எது வந்தாலும் வாத்தியார் கை சிவப்புப் பேனாவைத் தேடும். இருபத்தாறு வருடப் பழக்கம். கொழுந்தியா மகன் கல்யாணப் பத்திரிகையிலேயே பிழைகளைச் சுழித்துத் திருப்பி அனுப்பியவர். அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. மகள் நோட்டிலும் முதல் பக்கத்தில் இரண்டு சுழி விழுந்தது. நூற்றுக்கு முப்பது தேறாது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட், கையால் வரைந்தது. எந்த பஸ் எங்கே திரும்பும், எந்தத் தூணுக்குப் பின்னால் கூட்டம் பதுங்கும் என்பது வரை இருந்தது. பஸ் நிற்பதற்குள் சீட்டுப் பிடிக்க ஜனங்கள் ஜன்னல் வழியே போட்டவற்றின் பட்டியல்: துண்டு, தண்ணீர் பாட்டில், வாழையிலைக் கட்டு, ஒரு தடவை கைக்குழந்தை. போட்டவர் ஏறி வருவதற்குள் யார் உட்கார்ந்தார், என்ன சொல்லிச் சண்டை வந்தது, யார் எதற்கு எழுந்துகொடுத்தார் என்று நாற்பத்தேழு பக்கம். தேனி பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதுதான் அவள் செய்யும் கேமே.

“அம்புட்டுச் சனிக்கிழமையும் இதுக்குத்தான் ஆரப்பாளையம் போனியா?” ஞானத்தின் குரலில் ஏமாற்றம். அவள் தெருவில் சொல்லி வைத்திருந்த கதை வேறு.

“வேற எதுக்கு ஆன்ட்டி?”

வாத்தியார் அந்த ஸ்டாண்டில் ஆயிரம் தடவை பஸ் ஏறியவர். இதில் எதையும் அவர் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில்கூட அவர் அப்படி வாய் திறந்து உட்கார்ந்ததை யாரும் கண்டதில்லை.

கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம். படம் வரைய எழுமலை அருள்பாண்டி. கோடிங் எழுத, கூடப் படித்த சத்யப்ரியா. மூன்றாவதில் ஒப்பந்தம், வரி, ஆள் எடுப்பது, விற்பது என்று எழுதி, பெயருக்கான இடம் காலி.

“நாலு வருசம் படிச்சாலும் சத்யா மாதிரி எனக்குக் கோடிங் வராதுப்பா. இந்தக் கட்டத்துக்குத்தான் ஆளில்ல. போன மாசம் ஒரு கம்பெனி பதினோரு பக்கம் அக்ரிமெண்ட் அனுப்புச்சு. கேமு மொத்தமும் அவுகளுக்கேன்னு ஒம்பதாம் பக்கத்துல இருந்திருக்கு. எங்களுக்குப் புரியல. சரின்னு சொல்ல இருந்தோம். சத்யா மாமா வக்கீல் குமாஸ்தாங்கிறதால தப்பிச்சோம்.”

அவள் போனில் கேமைத் திறந்து நீட்டினாள். வாத்தியார் மூன்று தடவை துண்டு எறிந்தார். முதல் இரண்டும் கண்டக்டர் தலையில் விழுந்தன. மூன்றாவது விழுந்த சீட்டில் பலாப்பழத்தோடு ஒரு அம்மாள் உட்கார்ந்து, “ஒன் பேரு எழுதியிருக்கா?” என்றாள். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஞானம், “தள்ளுங்க சார், நான் பாக்குறேன்” என்று போனைப் பிடுங்கினாள்.

வாத்தியார் மகளையே பார்த்தார். பிறகு எழுந்து பீரோவைத் திறந்தார்.

“மூணாயிருச்சு. வண்டியில ஏறு.”

பி.காம் முடித்த வருடமே ஆஷ்லின் கம்பெனியைப் பதிவு செய்து மாடியில் பலகை மாட்டினாள். அருள்பாண்டி எழுமலையை விட்டு இங்கேயே குடிவந்துவிட்டான். சத்யப்ரியா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். கம்பெனியில் அவள் பங்கு அவளுக்குத்தான் என்று தாலி ஏறுவதற்கு முன்பே மாப்பிள்ளையிடம் ஆஷ்லின் கையெழுத்து வாங்கிவிட்டதாகப் பேச்சு. ஆஷ்லினுக்கு இன்னும் ஆகவில்லை. அதை விடாமல் விசாரிக்க வேண்டிய ஞானமோ, தன் மகளோடு இருக்கத் திருநெல்வேலிக்குப் போய்விட்டாள்.