நிக்கியாஸ் விட்டுப்போனவர்கள்

யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்த ஞானசேகரம், இத்தாலியின் பலேர்மோவில் ஓய்வுபெற்ற இராணுவக் கேணல் ஒருவரைப் பராமரித்து வந்தார். கேணலுக்குப் பார்வை மங்கிவிட்டது. சிராக்கூசாவில் தோற்ற பண்டைய ஏதென்ஸ் தளபதி நிக்கியாஸைப் பற்றி அவர் ஒரு நூலைச் சொல்லச் சொல்ல, ஞானசேகரம் தட்டச்சு செய்வார்.

2009 மார்ச்சில் பின்வாங்கல் அத்தியாயத்துக்கு வந்தார்கள். படை புறப்பட ஆயத்தமானபோது சந்திர கிரகணம் வந்தது. குறிசொல்பவர்களின் பேச்சைக் கேட்டு, இருபத்தேழு நாள் காத்திருக்க நிக்கியாஸ் தீர்மானித்தார். அதற்குள் கடற்போரில் கப்பல்கள் பறிபோயின. கடைசியில் தரைவழியாக நடந்தவர்கள், காயக்காரரைப் பாசறையிலேயே விட்டுப்போனார்கள். கேணல் அந்தப் பகுதியைச் சொல்லாமலே தாண்டிப் போனார்.

"காயக்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?"

"இது தலைமைத்துவம் பற்றிய நூல், ஞானா."

"அவர்களை விட்டுப்போனதும் தலைமைத்துவத்தில் சேராதா?"

"தட்டச்சு செய்."

ஞானசேகரத்தின் தங்கை ஸ்ரெல்லா கணவனோடு போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தாள். மூன்று வாரமாகச் செய்தி இல்லை. அன்று அவர், தோழர்களின் கையைப் பிடித்துக் கெஞ்சிய காயக்காரரைப் பற்றி நான்கு வரிகளைத் தானாகவே சேர்த்தார்.

கேணலின் மகள் பிரதியை வாசித்துக் காட்டியபோது ஞானசேகரம் அகப்பட்டார். கேணல் மேசையில் அடித்துக் கத்தினார். ஞானசேகரமே அந்த வரிகளை அழிக்க வேண்டியிருந்தது.

போர்கோ வெக்கியோ பகுதியிலிருந்த வீட்டில் மனைவி யோசப்பினும் ஏசினாள். "அந்த மனுசன்ரை புத்தகத்திலை உங்களுக்கென்ன வேலை? இந்த வேலையும் போனா, பெர்மெஸ்ஸோ விசாவை என்னெண்டு புதுப்பிக்கிறது?"

"நான் பொய்யொண்டும் எழுதேல்லையப்பா."

"ஓம், பேசாமல் இருங்கோ."

ஜூனில் அகதி முகாமிலிருந்து ஸ்ரெல்லா தொலைபேசியில் எடுத்தாள். "அண்ணை, இவருக்குக் காலிலை காயம். தூக்க ஆளில்லை. விட்டிட்டு வந்திட்டன்."

மறுநாள் ஞானசேகரம் எல்லாவற்றையும் கேணலிடம் சொன்னார். கேணல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே வருந்தினார்.

"அந்த நான்கு வரியையும் திரும்பப் போடலாமா?"

"அது உன் துயரம், ஞானா. என் நூலுக்குள் அதைக் கொண்டுவராதே."

"அப்படியானால் நீங்கள் எழுதிய நன்றியுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்."

கேணலுக்கு விளங்கவில்லை. எந்தப் பெயர், ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் ஞானசேகரம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். பணிவினால்தான் மறுக்கிறார் என்று எண்ணிய கேணல், சிரித்துத் தோளில் தட்டினார்.

ஒக்டோபரில் நூல் வந்தது. 'என் விசுவாசமான உதவியாளர்' என்ற சொற்களோடு முதல் பக்கத்திலேயே ஞானசேகரத்தின் பெயர் இருந்தது. கேணல் கையெழுத்திட்டு ஒரு பிரதியை நீட்டினார். ஞானசேகரம் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவருடைய கண் மருந்தை எடுக்கப் போனார்.