சாம்பல் துவர்த்து

“அப்பாவ இன்னைக்கு அடக்கப்படாது. நெஞ்ச அறுத்துப் பாக்கணும்.”

பெமிலா சொன்னதும் பந்தலில் பாட்டு நின்றது. இந்தப் பேச்சை எடுக்கவே கூடாதென்று அம்மா காலையில் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

“ஏட்டி, வாய மூடு,” என்றாள் அம்மா நேசம்மாள். “மனுசன நிம்மதியாப் போக விடு.”

“நிம்மதியாவா? மூச்சு கெடைக்காம செத்தவரு.”

பெட்டியின் தலைமாட்டில் நின்ற ஜாஸ்பர் செருமினார். இராஜாக்கமங்கலம் ரோட்டில் அப்பா இருபத்தாறு வருடம் வேலை பார்த்த கார் பட்டறையின் முதலாளி. சபைக் கமிட்டியிலும் இருப்பவர்.

“மக்கா, ஆஸ்பத்திரி சீட்டுல எழுதியிருக்கு. பீடிப் பழக்கமாக்கும்.”

“அப்பா வாயில எப்பமாவது பீடியக் கண்டியளா?”

பீடி நாற்றம் வந்தால் கோயிலில் பெஞ்சு மாறி உட்காருகிறவர் அப்பா ராஜையன்.

ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று டாக்டர் அப்பாவிடம் கேட்டபோது பெமிலா பக்கத்தில்தான் நின்றாள். காருக்கு அடித்த ப்ரைமர் பூச்சைக் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்க்கிற வேலை என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் காய நேரமாகும் என்று முதலாளி வெறுமனேதான் தேய்க்கச் சொல்வார். தூசி புகையாய் எழும். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துவர்த்துத் துண்டு, அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்லாமல், கூட வந்த ஜாஸ்பரை ஒருமுறை பார்த்துவிட்டு, “பீடி குடிப்பேன் டாக்டர். தெனம் ஒரு கெட்டு” என்றார் அப்பா.

இப்போது பட்டறையில் அந்தக் கட்டை அண்ணன் ரெனிஷின் கையில் இருக்கிறது.

“நாளைக்கு நான் அந்தப் பட்டறைக்கு வேலைக்குப் போவாண்டாமா?” ரெனிஷ் எழுந்து வந்தான். “காலேஜுக்குப் போய் நாலெழுத்து படிச்சாச்சுன்னா என் சோத்துல மண்ணள்ளிப் போடுவியாட்டி?”

சொல்லி முடிக்குமுன் இருமினான். வறண்ட இருமல். அடுத்த அறையில் இருந்து கேட்டால் அப்பா என்றே நினைப்பார்கள்.

நேசம்மாள் மகனைப் பார்த்தாள். பிறகு பெமிலாவுக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

பெமிலா உள்ளே போய் ஆணியில் தொங்கிய அப்பாவின் துவர்த்தை எடுத்தாள். எத்தனை தடவை துவைத்தும் சாம்பல் நிறம் போகவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தாள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கக் காலையிலேயே எழுதிய மனு அதில் இருந்தது.

“மூணு மணிக்கு போதகர் வந்துருவாரு,” என்றார் ஜாஸ்பர்.

“வரட்டும். பெட்டிய மூடப்படாது.”

தெருவை அடைத்து ஜாஸ்பரின் வெள்ளைக் கார் நின்றது. சுவருக்கும் காருக்கும் இடையில் அவள் ஒருச்சாய்ந்து நுழைந்தாள். உள்ளங்கை கதவின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. அப்பா தேய்த்த கதவு. தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு இப்படித்தான் தடவிப் பார்ப்பார்.

எங்கும் ஒரு மேடு தட்டவில்லை.

கையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.