லோர்னாவின் இரண்டாவது வரி

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலில் பிறந்தது. கற்பனையில் பிறந்தது என்று பீற்றிக்கொள்ள ஆசைதான், ஆனால் பொய். கனடாவின் பிராண்டன் நகரில் தனியாக வாழும் முதியவர்களைத் தினம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கும் சிறிய அமைப்பு எங்களுடையது. அதன் டேட்டாபேஸ் என் பொறுப்பு. பட்டியலில் சிலர் இரண்டு முறை வருகிறார்கள், நீக்கிவிடு என்று மேலாளர் கிளெண்டா எழுதியிருந்தாள்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘பனி கொட்டிய ஒரு பிப்ரவரி நாளில்...’ (மானிடோபாவில் பிப்ரவரியில் வேறு என்ன கொட்டும்? அடித்துவிட்டேன்.)

2

டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் இது பத்து வரி வேலை. தொலைபேசி எண்ணும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கும் பதிவுகளைச் சேர்த்துவை. பழையதற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று எண் கொடு. ஒன்றைத் தாண்டியதையெல்லாம் அழி. அழிக்கும் முன் எதெல்லாம் போகப்போகிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எங்கள் தொழிலில் ஒழுக்கம் என்று உண்டென்றால் அவ்வளவுதான்.

பார்த்தேன். ஏழு பதிவுகள். ஆறு, யாரோ அவசரத்தில் இரண்டு முறை பொத்தானை அமுக்கியவை. ஏழாவது லோர்னா ஃபெடொருக், வயது எழுபத்தொன்பது. காலை ஒன்பது மணி அழைப்புக்கு ஒரு பதிவு, மாலை நாலு மணி அழைப்புக்கு ஒன்று. இரண்டும் பதிவான தேதிகளுக்கு நடுவே ஒரு வருட இடைவெளி. இது கைதவறல் இல்லை. அழைத்துக் கேட்டேன்.

“ரெண்டுமே நான்தான் தம்பி,” என்றார், ஒளிக்காமல். “காலைல கூப்பிடுறவரு உயிரோட இருக்கியான்னு கேப்பாரு. இருக்கேன்னு சொன்னா வச்சிடுவாரு. நாலு மணிப் பொண்ணுக்குக் காலைல ஒருத்தர் கூப்பிட்டது தெரியாது. அவ முதல்லேர்ந்து கேப்பா. தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களான்னு.”

(இவரைக் கொஞ்சம் பொல்லாதவராக எழுதிப் பார்த்தேன். ஏமாற்றுக்காரி என்றால் அழிப்பது சுலபம். ஒட்டவில்லை. மாலை மூன்றரைக்கே தலை வாரிக்கொண்டு உட்காருவாராம்; அதையும் அவரேதான் சொன்னார். அன்று நான் பேசிய முதல் ஆள் அவர் என்பது போனை வைத்த பிறகு உறைத்தது. பாவமாக இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை.)

3

நாலு மணிக்கு ஓர் இடம் காலியானால் அது ஆல்வின் தீசனுக்கு. ஐந்து வாரமாகக் காத்திருக்கிறார். ஜனவரியில் குளியலறையில் விழுந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தவர்.

அழித்தேன். ஆனால் முடிக்கவில்லை. ‘கமிட்’ என்று கொடுக்கும்வரை அழிப்பு உறுதியாகாது. ‘ரோல்பேக்’ என்றால் எல்லாம் பழையபடி வந்துவிடும். இரண்டில் எது என்று தெரியாமல் சாப்பிடப் போனேன்.

குறிப்பு: இப்படி அரைகுறையாக விட்டால் அந்தப் பட்டியல் பூட்டிக்கொள்ளும், வேறு யாராலும் திறக்க முடியாது. இது கற்றுக்குட்டி செய்யும் தப்பு. எனக்கு இருபது வருட அனுபவம்.

மூன்று ஐம்பதுக்கு கிளெண்டா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். யார் திரையிலும் பட்டியல் வரவில்லையாம். நான் லோர்னாவைப் பற்றிச் சொன்னேன். திரையின் மூலையில் இருந்த மணியைக் காட்டினாள்.

“நீ ஒருத்தரையே நெனச்சிட்டு உக்காந்திருக்க. அங்க நாலு மணிக்குன்னு முப்பத்தோரு பேரு போனையே பாத்துட்டு உக்காந்திருக்காங்கப்பா.”

4

முடிவு அ: ரோல்பேக். லோர்னா பேசுகிறார், ஆல்வின் மறுபடி விழுகி... (எழுத மனம் வரவில்லை.)

முடிவு ஆ: கமிட். நாலு மணிக்குத் தினமும் நானே லோர்னாவை அழைக்கிறேன். உங்களுக்குப் பிடிக்கும். நம்பாதீர்கள். சொந்த அக்காவையே கிறிஸ்துமஸுக்குப் பிறகு அழைக்காதவன் நான்.

நடந்தது: கமிட் கொடுத்தேன். திரைகள் உயிர்பெற்றன. நாலு மணிப் பெண் ஆல்வினை அழைத்தாள். “இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். ஒன்பது விநாடி.

லோர்னாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான். இப்போது மணி நாலு இருபது. அவரைப் பொறுத்தவரை இன்று போன் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். எண்ணைப் போட்டுவிட்டேன், மணி அடிக்கிறது. என்ன சொல்வது என்று எண்ணைப் போடும் முன்பே நாலு முறை எழுதி நாலு முறையும் அடித்துவிட்டேன். மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“லோர்னாம்மா, நான்தான். இனிமே நாலு மணிக்கு...”