பச்சையாய் ஒரு கதைக்கார மாமா

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: கொலுவுக்குச் செட்டியார் பொம்மை வாங்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. பொம்மை இன்னும் காயவில்லை என்றார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் கதையை எடுத்துக்கொண்டேன்.

2009. பன்றிக்காய்ச்சல் பயத்தில் விருத்தாசலத்தில் பூங்காவைப் பூட்டியிருந்தார்கள்.

முதல் தொடக்கம்: ‘பூங்காவின் பூட்டின் மீது மாலை வெயில் கண்ணீராக—’

(வேண்டாம். வெயில் அழுது நான் பார்த்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: பொம்மை செய்யும் பாஞ்சாலையின் மகள் இளமதிக்கு எட்டு வயது. உடைந்த காலுக்குக் கட்டுப் பிரித்து ஒரு மாதமாகிறது, முட்டி மடங்கவில்லை. தினமும் மடக்காவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சறுக்குமரத்தில் சறுக்கும் ஆசையில் வலியைப் பொறுத்துப் படி ஏறிக்கொண்டிருந்தவள், பூங்கா பூட்டியதும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

2

வீட்டிலோ நடக்க ஒரு சாண் வழிதான். மண் கூழை அச்சில் ஊற்றி எடுத்து, சூளைக்குப் போகுமுன் காயவைத்த பொம்மைகள், வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும்.

எனக்குக் கை பரபரத்தது. [நொண்டிக்] கால், இடுக்கு வழி, ஒரு பொம்மை விழுந்து நொறுங்க, தாய் கதற… எழுதியதைப் பாஞ்சாலையிடமே படித்துக் காட்டினேன். இளமதியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரு சார் கதறுறது?”

“நீங்கதாங்க.”

“நான் எதுக்குக் கதறப் போறேன்? சூளையில வேகாத பச்சைப் பொம்மை உடைஞ்சா தொட்டித் தண்ணியில போட்டா மறுபடியும் கூழு. வெந்தப்புறம் உடைஞ்சாதான் போச்சு. எத்தினி வருசமா சார் இந்த ஊர்ல இருக்கீங்க?”

நாற்பத்தொரு வருடம்.*

* அதில் பாதி, ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருந்தது.

3

என் உச்சக்கட்டம் தொட்டியில் கரைந்தது. பாஞ்சாலைக்கோ தான் சொன்னதிலிருந்தே ஒரு யோசனை கிடைத்துவிட்டது. ஸ்டூல்மேல் ஒரு பச்சைச் செட்டியாரை வைத்தாள்.

“பாப்பா, காலை மடக்கித் தூக்கி முட்டியால இடிச்சுத் தள்ளு, பாக்கலாம்.”

“வேணாம்மா. செட்டியார் பாவம்.”

பாஞ்சாலை சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். ஒரு பிடி மண்ணை உருட்டினாள். கண்ணாடி, மீசை, தாராளமாக ஒரு தொந்தி. செட்டியாரை இறக்கிவிட்டு அதை ஸ்டூல்மேல் வைத்தாள்.

“இது யாரு சொல்லு?”

“கதைக்கார மாமா!” என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள் இளமதி.

“இவரு பாவம் இல்லியாடி?”

“இல்ல. என்னை நொண்டின்னு எழுதினாரு.”

(மேலே போய் அந்தச் சொல்லைச் சிறையில் வைத்திருக்கிறேன். கம்பி தெரிகிறதல்லவா?)

4

முட்டி மடங்கி ஓடினாள் என்று எழுதலாம்; பேனாவுக்கு வலிக்காது. மடங்கவேயில்லை என்று எழுதினால் இலக்கியம் என்பார்கள். இரண்டுக்கும் எனக்குத் தைரியம் இல்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்: பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிய முட்டிக்கும் தொந்திக்கும் நடுவே நாலு விரற்கடை.

“மாமா, நவுறாதீங்க” என்றாள். பொம்மையிடமா, என்னிடமா, தெரியவில்லை. இருவருமே நகரவில்லை.

அந்த நாலு விரற்கடையை நான் எழுதமாட்டேன். உங்கள் முட்டியை ஒருதரம் மடக்கிப் பாருங்கள். எவ்வளவு லேசாக மடங்குகிறது! அதில் கொஞ்சம் அவளுக்குக் கொடுத்து நீங்களே முடியுங்கள். நான் ஸ்டூல்மேல்தான் இருக்கிறேன், இன்னும் பச்சையாகவே.