பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால்

அணைக்கட்டை ஒட்டிப் போகும் சாலை வலப்பக்கம் வளைகிற இடத்தில்தான் அது முதலில் நடந்தது. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அவ்வளவுதான் செய்தார். காரின் மூக்கு சாலையோடு வளைந்தது. பின்பக்கம் மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி போல வேறு திசைக்குக் கிளம்பியது. மனைவி உட்கார்ந்திருந்த பக்கத்து இருக்கை இடப்பக்கமாக நழுவ, ஜன்னலுக்கு வெளியே தடுப்புச் சுவரும் அதற்கு அப்பால் தண்ணீரும் நெருங்கி வந்தன. டாக்டர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார். கார் ஓர் உதறு உதறி நேரானது.

அவள் திரும்பிப் பின்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தாள்.

"பின்னாடி போச்சுங்க," என்றாள் ஒருவழியாக.

"எங்க போச்சு? இங்கதான் இருக்கு."

"விளையாடாதீங்க. வண்டி பின்னாடி நழுவுச்சு."

"ரோட்டுல மணல் கிடந்திருக்கும். இது ஸ்போர்ட்ஸ் கார், கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

ரோட்டில் மணல் இல்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

அவள் கணவர் மயக்க மருந்து டாக்டர். கத்தி போடுவதற்கு முன் நோயாளியைத் தூங்கவைத்து, முடிந்ததும் எழுப்பிவிடுகிறவர். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அந்தச் சொல்லே மூச்சு மாதிரி ஆகிவிட்டது. இளம்வயதிலிருந்தே ஆசைப்பட்டு, ஐம்பதை நெருங்கும்போது பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். சாம்பல் நிறம், தரையைத் தடவும் உயரம், இரண்டே இருக்கை. துணி வாங்கினால் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். காரைத் துடைக்கும்போது அவர் முகத்தில் வரும் குழந்தைத்தனத்தைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அணைக்கட்டு வளைவு வரைக்கும்.

இரண்டாவது முறை, மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது. அதுவும் வலப்பக்க வளைவுதான். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்த விரல்களைப் பிரித்தெடுக்க வீடு வந்த பிறகும் நேரமானது.

டாக்டர் ஒன்றும் அலட்சியமான ஆளில்லை. காரை நல்ல ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டுப் பார்த்தார். டயரில் காற்று சரி. டயரும் புதிது. வீல் அலைன்மென்ட் மெஷினில் எல்லா எண்களும் பச்சையில் வந்தன. ஷாக் அப்சார்பரில் கசிவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்கு அதே அணைக்கட்டு வழியாகப் போய் வருகிறார்; ஒருநாளும் கார் முரண்டு பிடிக்கவில்லை.

"உன்னை ஏத்தினாத்தான் வண்டிக்குப் பேய் பிடிக்குது," என்றார் சாப்பிடும்போது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

மகள் சிரித்தாள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். சிரிக்கும்போதே டாக்டர் அடுத்ததைச் சொன்னார்: "சனிக்கிழமை பாப்பாவை ஹாஸ்டல்ல விடணும்ல? பெட்டியெல்லாம் பார்சல்ல அனுப்பிடுவோம். நாங்க ரெண்டு பேரும் இதுலயே மலை ஏறிடறோம்."

"ஐயோ அப்பா, சூப்பர்," என்றது பாப்பா. பதினாறு வயது, அம்மாவின் உயரம், அம்மாவின் சட்டையே பொருந்துகிற உடம்பு.

அவள் தட்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். மலைப்பாதையில் எத்தனை வலப்பக்க வளைவு இருக்கும் என்று மனம் தன்பாட்டுக்கு ஓடியது. அங்கே தடுப்புச் சுவர் முழங்கால் உயரம்தான்.

மறுநாள் அலுவலகத்தில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நாத்தனாரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். டாக்டரின் தங்கை இன்ஜினியரிங் முடித்து, ரேஸ் கார் குழு ஒன்றில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறாள். குடும்பத்தில் அவளுக்குப் பெயர் ஸ்பேனர். அண்ணன் ஏன் தங்கையிடம் காரைக் காட்டவில்லை என்றால், வாங்குவதற்கு முன் அவளைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஸ்பேனர் ஒரு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துணியில் துடைத்தாள். "அண்ணி, என்ன முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

சொன்னாள். தண்ணீர் வாரியத்தில் புகார் தொலைபேசி எடுப்பதுதான் அவள் வேலை. 'சில நேரம் வருது, சில நேரம் வரல' என்று சொல்பவர்களிடம் எப்போது வருகிறது என்று கேட்டுக் கேட்டுப் பழகியவள். அதனால் அழாமல், வரிசையாகச் சொன்னாள். வலப்பக்க வளைவு. பிரேக் போடவில்லை, காலை எடுத்ததும். முதலில் ஒரு சின்ன நழுவல், அப்புறம் பெரிய உதறல். சத்தம் இல்லை. அவர் தனியாகப் போகும்போது இல்லை.

கடைசி வாக்கியத்தில் ஸ்பேனர் துடைப்பதை நிறுத்தினாள்.

"அண்ணா மட்டும் போறப்ப ஒரு தடவைகூட இல்லையா?"

"இல்லைன்னுதான் சொல்றார். அதான் என்னைக் கிண்டல் பண்றார்."

"அதுல கிண்டல் பண்ண ஒண்ணுமில்ல அண்ணி." ஸ்பேனரின் குரல் தணிந்துபோயிருந்தது. "நீங்க உட்கார்றது இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பினா பாரமெல்லாம் இடது பின்சக்கரத்து மேல விழும். உங்க எடையும் சேர்ந்தா அங்க ஏதோ தாங்கல. வண்டியை இன்னைக்கே கொண்டாரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டா வரமாட்டான்."

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதுவரை பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது பயத்துக்கு ஒரு முகவரியும் கிடைத்துவிட்டது.

டாக்டர் வந்தார். முறைப்பாகத்தான் வந்தார். ஸ்பேனர் காரை லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரங்களைப் பிடித்து ஆட்டினாள், நெம்புகம்பி போட்டு ஒவ்வொரு இணைப்பாக நெம்பினாள், டார்ச் அடித்துப் பார்த்தாள். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. அடிப்பகுதி முழுக்கத் துருப்பிடிக்காமலிருக்க அடிக்கிற கறுப்புப் பூச்சு, தார் போலத் தடிமனாக.

"திருப்தியா?" என்றார் டாக்டர்.

"இல்ல. தொங்கவிட்டுப் பாத்தா இது நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். ஓட்டிப் பாக்கணும்." ஸ்பேனர் அண்ணி பக்கம் திரும்பினாள். "நீங்க கூட உட்காரணும்."

"நானா?"

"மணல் மூட்டை வெச்சும் ஓட்டலாம். ஆனா மூட்டை பேசாது. அந்த ஆட்டம் எப்படி இருந்துச்சுன்னு உடம்பால தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். கேமராவுல சக்கரத்தைப் பாத்துக்கிட்டு, 'இதுதான்'னு சொல்லணும்."

அவளுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்னால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சனிக்கிழமை அந்த இருக்கையில் உட்காரப் போகிறவள் யார் என்று நினைத்தாள். தலையை ஆட்டினாள்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கிடங்கு ஒன்றின் முன் லாரிகள் நிறுத்தும் பெரிய சிமென்ட் மைதானம் இருந்தது. சுற்றிலும் மோத ஒன்றுமில்லை. ஸ்பேனர் இடது பின்சக்கரத்தின் உட்பக்கம் சின்னக் கேமராவைக் கட்டி, படம் கைபேசியில் வருகிறதா என்று பார்த்தாள். இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டார்கள். டாக்டர் ஓரத்தில் கைகட்டி நின்றார். ஹெல்மெட்டுக்குள் அவளுக்குத் தன் மூச்சே வேறு யாருடைய மூச்சோ போலக் கேட்டது.

முதல் சுற்று, வலப்பக்கமாகப் பெரிய வட்டம். ஸ்பேனர் காலை எடுத்தாள். ஒன்றுமில்லை. கைபேசியில் சக்கரம் ஒழுங்காக உருண்டது.

கொஞ்சம் வேகம் கூட்டி இரண்டாவது சுற்று. அப்போதும் ஒன்றுமில்லை.

ஓரத்தில் டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. அவளுக்குள் விசித்திரமான இன்னொரு பயம் முளைத்தது: ஆடாமலே இருந்துவிட்டால்? எல்லாம் என் மனப்பிரமைதான் என்றாகி, சனிக்கிழமை பாப்பா சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டால்? ஆடிவிடக் கூடாதே என்று உடம்பு வேண்டியது. ஆடித் தொலையேன் என்று மனம் வேண்டியது. இரண்டுக்கும் நடுவில் அவள் கைபேசியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அண்ணி, படத்தைப் பாருங்க. இப்ப கொஞ்சம் வேகமாப் போறேன்."

இன்ஜின் உறுமியது. சிமென்ட் தரை ஜன்னலில் கோடாக ஓடியது. உடம்பு கதவோடு அழுந்தியது. திரையில் சக்கரம், அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, அதன் பின்னால் கறுப்பு.

"காலை எடுக்கறேன்."

முதலில் இடுப்பில்தான் தெரிந்தது. அதே நழுவல். திரையில் அந்த இரும்புக் கை தன் வேரோடு பின்வாங்கியது; யாரும் திருப்பாமல் பின்சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பியது.

"இதுதான். திரும்புது. சக்கரம் தானாத் திரும்புது," என்றாள். அதற்குள் வானம், கிடங்கு, டாக்டர், மறுபடி கிடங்கு எல்லாம் கண்ணாடியில் சுற்றின. ஸ்பேனர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கார் வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. ரப்பர் கருகும் வாடை.

ஸ்பேனர் கை நீட்டி இன்ஜினை அணைத்தாள்.

"ரேஸ் டிராக்குல எத்தனையோ தடவை சுத்தியிருக்கேன்," என்றாள் ஸ்பேனர். "அது நானா சுத்தினது. இது வேற."

டாக்டர் ஓடி வந்தார். ஓடியே பழக்கமில்லாதவர், செருப்பு ஒன்று வழியில் கழன்றுவிட்டது. கதவைத் திறந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். என்ன சொல்வதென்று தெரியாதபோது அவர் கை அதைத்தான் செய்யும்.

காரை ஓட்டிக்கொண்டு போகவே ஸ்பேனர் சம்மதிக்கவில்லை. கேரியர் வண்டியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. இந்த முறை தொங்கவிடாமல், இடது பின்சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்துக் காரின் பாரத்தை அதன்மேல் ஏற்றினாள். பிறகு உளி எடுத்து, இரும்புக் கை காரின் உடம்போடு சேரும் இடத்தில் கறுப்புப் பூச்சைச் சுரண்டினாள். பூச்சு தோல் தோலாக உரிந்தது. உள்ளே கோணல்மாணலான பழைய வெல்டிங். எப்போதோ பின்னால் அடிவாங்கிய காரை யாரோ ஒட்டவைத்து, மேலே பூசி மெழுகியிருக்கிறார்கள். வெல்டிங்கின் ஓரம் முழுக்க ஒரு விரிசல் ஓடியது.

நெம்புகம்பியை வைத்து மெல்ல அழுத்தினாள். விரிசல் வாய் திறந்தது. விட்டாள், மூடிக்கொண்டது. முடி நுழையாத அளவுக்குச் சுத்தமாக மூடிக்கொண்டது.

"பாரம் கம்மியா இருந்தா மூடியே இருக்கும். அதான் மெஷின்ல பச்சை. அண்ணா தனியாப் போறப்பவும் அதான்," என்றாள். பிறகு, விரிசல் இன்னும் எட்டாத பகுதியைச் சுண்டுவிரலால் காட்டினாள். அந்தப் பகுதி விரல் நகத்தின் அகலம் இருந்தது. "இவ்வளவுதான் பாக்கி."

டாக்டர் ஸ்டூலைத் தேடவில்லை. எண்ணெய்க் கறை படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் பேயறைந்த களை. அவள் அவரைப் பார்த்தாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்ற வாக்கியம் பல நாளாக அவளுக்குள் தயாராகத்தான் இருந்தது. இப்போது தேடினால் அது இல்லை. விரிசலையே அவள் கண் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. அந்த நக அகலத்தின் மேல் அணைக்கட்டையும் மேம்பாலத்தையும் கடந்திருக்கிறாள். இன்று தெரிந்தே ஏறிச் சுற்றியிருக்கிறாள். அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாப்பா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"வேண்டாம். சொல்லாதீங்க."

மறுநாள் பழைய கார் புரோக்கர் ஒருவன் மோப்பம் பிடித்து வந்தான். மறுபடி வெல்டிங் வைத்துப் பூச்சு அடித்தால் யாருக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன் சார் என்றான். டாக்டர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிறிது நேரத்தில் அவளுக்கு வந்த பயம் மைதானத்தில் வந்ததைவிடக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுஷர் இப்போது என்ன சொல்லப் போகிறார்?

"வாங்கறவனுக்கும் பக்கத்துல உட்கார யாராவது இருப்பாங்கய்யா," என்றார் டாக்டர். "போயிட்டு வாங்க."

அன்று மாலையே ஸ்பேனர் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இறக்கினாள். உடம்பை யாரும் மறுபடி ஒட்ட முடியாதபடி குறுக்கே அறுத்துப் பழைய இரும்புக்கு அனுப்பினாள். அண்ணன் கடைசி வரை நின்று பார்த்தார். "அடுத்த தடவை வாங்கறதுக்கு முன்னாடி உன்னைக் கேக்கறேன்," என்றார். "கேட்டுத்தான் பாரேன்," என்றாள் தங்கை. அவர்களுக்குள் சமாதானம் அந்த அளவில் முடிந்தது.

சனிக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் மலை ஏறினார்கள். பாப்பா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு வலப்பக்க வளைவிலும் அவள் இடுப்பு தானாக இறுகியது. கை முன் கம்பியைத் தேடியது. அந்தக் கம்பியில் ஏற்கெனவே டாக்டரின் கை இருந்தது, விரல் முட்டிகள் வெளுத்துப்போய்.

பஸ் ஒரு குலுக்கலோடு வளைந்தது. அவர் அவள் பக்கம் குனிந்து, மகள் காதில் விழாமல் கேட்டார்: "இப்ப பின்னாடி ஆடுச்சா?"

அவள் கண்ணை மூடி, கொஞ்சம் கவனித்துப் பார்த்தாள்.

"இல்லீங்க. இது ரோடு."

அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் கம்பியை விடவில்லை.