வைகாசிக்குள் பூசிய சுவர்

அன்று காலை நேமத்தான்பட்டி வீட்டில் நான்கு பேர் இருந்தோம். வீட்டுக்காரர் சந்திரலேகா ஆச்சி, புதிதாகக் கட்டிய அறையின் படியில். அவர் தம்பி சிவபிரகாஷ், பிளாஸ்டிக் நாற்காலியில். வேலையை மேற்பார்வையிட்ட நான், முத்தரசு, கவிழ்த்துப் போட்ட சாந்துச்சட்டியின் மேல். கொத்தனார் மலையாண்டி நின்றார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. எங்களுக்கு நடுவே, பழைய சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த பூச்சு பாளம் பாளமாகக் கிடந்தது.

ஆச்சி குடும்பத்துப் பெரிய வீட்டின் கணக்குப்பிள்ளை ஒரு காலத்தில் குடியிருந்த இரண்டறை ஓட்டு வீடு அது. பழையதை அப்படியே மீட்டு, பின்பக்கம் கண்ணாடிக் கதவோடு ஓர் அறையும் குளியலறையும் சேர்த்திருந்தோம். பழைய சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும், சிமெண்ட் புதிய அறையோடு சரி. என் நோட்டின் முதல் பக்கத்தில் அதை நானே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன்.

ஆனால் வைகாசி முடியப் பதினோரு நாள்தான் இருந்தது. வைகாசி தவறினால் பால் காய்ச்ச ஆவணி வரை காத்திருக்க வேண்டும். ஆச்சி ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"செவரு இன்னும் ஈரமாக் கெடக்கு சார். இருவது நாளாச்சும் விடணும்" என்றார் மலையாண்டி.

"வைகாசி ஒமக்காக நிக்குமாய்யா? சிமெண்ட்டக் கலந்து இழுத்து விடும்" என்றேன் நான்.

"மழைக்கு நிக்காது சார். பேரு எனக்குல்ல கெடும்?"

"நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பால் பொங்கிய அன்று வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். ஐப்பசி மழையில் அது உப்பி, விழுந்துவிட்டது.

"பழைய செவத்துல சிமெண்ட் எப்புடி வந்துச்சு?" கீழே கிடந்த பாளங்களைக் காட்டி ஆச்சி கேட்டார்.

"நம்ம வெளியூர்ல இருக்கோம்ல, யாரு பாக்கப் போறாகன்னு பூசிட்டாக" என்றார் சிவபிரகாஷ்.

மலையாண்டி என்னைப் பார்த்தார். "சார்ட்டயே கேளுங்க ஆச்சி."

நான் நோட்டைப் புரட்டினேன். அதில் தேட எதுவும் இல்லை. "கொத்தனார் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு" என்றது என் வாய்.

மலையாண்டி சிரித்தார். "ஆமா ஆச்சி. எனக்குத்தான் பால் காய்ச்ச அவசரம்." கரணையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெருவில் இறங்கியதும் ஆச்சி சொன்னார்: "நடந்தத ஒரு லெட்டரா எழுதி எங்க கோயமுத்தூர் வீட்டுக்கு அனுப்பிருங்க. உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும். பங்காளிககிட்டக் காட்டணும். இன்னும் மூணு வீட்டு வேலைய இந்தக் கொத்தனாருக்குன்னு பேசி வச்சிருக்காக."

மூன்று வீடு. மூன்று வருடச் சோறு.

ஆச்சி ஊருக்குப் போன மறுநாள் எழுத உட்கார்ந்தேன். தேதி, இடம், பொருள், எண் ஒன்று, எண் இரண்டு. எண் மூன்றில் மலையாண்டியின் பெயர் வந்ததும் பேனா நின்றது. போனிலேயே உண்மையைச் சொல்லிவிடலாமா? ஆச்சி குரலைக் கேட்டால் மறுபடியும் மாற்றிச் சொல்லிவிடுவேன். தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். "சிமெண்ட் பூசச் சொன்னது நான். வேண்டாம் என்றவர் மலையாண்டி. அன்று உங்கள் முன் பொய் சொன்னதும் நான்." என் எழுத்து அச்சு மாதிரியே இருந்தது, அதுவும் கூச்சமாக இருந்தது.

தபால் நிலையத்தில் உறையை ஒட்டி, ரிஜிஸ்டர் தபாலுக்கு நீட்டினேன்.

"அனுப்புறவர் போன் நம்பர் இல்லையே?" என்றார் அங்கிருந்த பெண்.

ஆச்சி படித்துவிட்டுக் கூப்பிடுவார். பத்து இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவர் முத்திரையைக் குத்தி, திரும்பிப் பார்க்காமலே உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.