சத்தத்தை நோக்கி நட

…திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வேறு சொல்லித் தொலைத்தோமே, சத்தம் கேட்டால் சத்தத்தை நோக்கி நட, நடுவில் நிற்காதே, திரும்பிப் பார்த்தால் ஆட்டம் உன்னை வெளியே விடாது, வீடியோவுக்கு இந்த ரூல்களையெல்லாம் எழுதும்போது எவ்வளவு சிரித்தான் கந்தவேல், இப்போது பூம்பாறை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அதே வரிகளுக்குச் சிரிப்பு வரவில்லை, கையில் போன், போனில் அந்தப் பின்னூட்டம், யாரோ பிரசாந்த், திண்டுக்கல்லாம், கூட இரண்டு கூட்டாளிகளாம்… 'அண்ணா, உங்க வீடியோல வர்ற எடத்தக் கண்டுபுடிச்சுட்டோம், பூம்பாறை படிவயலு தானே, அதே சத்தம் கேக்குது, மூணு தகரம், ஒரு கூப்பாடு, ஒரு நாய், எறங்குறோம்'… கேட்காமல் எப்படி இருக்கும், அந்தச் சத்தத்தைப் பிடித்ததே அங்கேதானே.

பழைய கேம் கேசட்டுகளில் பேய் இருக்கிறது, ரகசிய மேடை இருக்கிறது, ஆடியவன் காணாமல் போனான் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு பேசுகிற வீடியோக்கள் ஆயிரம் கிடக்கின்றன, அவற்றைக் கிண்டலடிக்கத்தான் அவன் 'சாபக் கேசட்' என்று ஒரு சேனல் ஆரம்பித்தான், கொடைக்கானலில் செல்போன் கடை வேலை, ஆள் வராத மழை நாட்களில் இதுதான் சோலி. செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை, பொம்மை தாவித் தாவி ஓடுகிற ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது, பாட்டை நிறுத்து, எதிரிகளை நீக்கு, நிறத்தைச் சாம்பலாக்கு, அவ்வளவுதான், பயம் சேர்ப்பதில் வருவதில்லை, எடுத்துவிடுவதில் வருகிறது, வெறும் மேடைகளும் ஒரு பொம்மையும் மிச்சமிருந்தால் பார்ப்பவன் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வான்… மேடைகளுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது பூம்பாறைச் சரிவு ஞாபகம் வந்தது, படிப்படியாக இறங்குகிற பூண்டு வயல், சுற்றுலா வருகிறவர்கள் வளைவில் நிறுத்திப் படமெடுக்கிற அதே சரிவு, போட்டோவைக் கட்டம் கட்டமாக உடைத்தால் அச்சு அசல் பழைய ஆட்டம். சத்தத்துக்குப் பெரியப்பாவின் ஸ்பீக்கர். பன்றியை விரட்ட வயலில் வைப்பார்களே, மெமரி கார்டு போட்டது, பழைய பைக் பேட்டரியில் ஓடுவது, தகரத்தை மூன்று தட்டு, ஒரு 'ஏய்ய்ய்', பிறகு நாய், திரும்பத் திரும்ப… பன்றிக்கு ஒரு குரல் பழகிவிட்டால் பயம் போய்விடும் என்று அறுவடை நெருங்க வீட்டுக்கு வீடு குரலை மாற்றிக்கொள்வார்கள், இந்த மாதம் பெரியப்பா வயலில் கத்துவது பக்கத்து வயல் மூக்கையா, அவர் வயலில் பெரியப்பா, ஆளில்லாத வயல்களில் அடுத்தவன் குரல் கத்திக்கொண்டிருக்கும், அதை அவன் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, கேசட்டுக்குள் அகப்பட்டவனின் குரல் என்றான், இரண்டு லட்சம் பேர் சிரித்தார்கள்.

வீடியோவில் சொல்லாதது ஒன்றுதான், சத்தத்துக்கும் அடங்காத பன்றிக்காகப் பெரியப்பா இழுத்திருக்கிற கம்பி. மோட்டார் ரூமிலிருந்து நேராக வருகிற கரண்ட், முழங்காலுக்குக் கீழே ஒற்றைக் கம்பி, தெரிந்தவர்களுக்காக ஒரு சிவப்புத் துணி, மேகம் இறங்கிவிட்டால் துணி எங்கே தெரியும்… வெளியே சவுக்கு மரங்கள் பாதிக்கு மேல் மேகத்துக்குள். 'போகாதீங்க' என்று முதலில் தட்டினான், உடனே சிரிப்பு முகங்கள் வரிசையாக, வராமல் என்ன செய்யும், எல்லா வீடியோவையும் அந்தச் சொல்லில்தானே முடிக்கிறான். கம்பியைப் பற்றி எழுதினால்? ஊரே பார்க்க எழுதினால் பெரியப்பாவைப் போலீஸ் கொண்டுபோகும், எழுதாவிட்டால்… இரண்டு வளைவு போனது அந்த யோசனையில், இரண்டு வளைவில் அவர்கள் எத்தனை படி இறங்கியிருப்பார்கள், கடைசியில் எழுதினான், 'நெசமாவே சொல்றேன், கரண்டு கம்பி இருக்கு, தொட்டா செத்துருவீங்க.' பதில் வந்தது. 'செம அண்ணா, புது ரூலா? நாங்களும் வீடியோதான் எடுக்குறோம்.'

அம்மா போனை எடுக்கவில்லை, பெரியப்பாவுக்குப் போட்டான், ஒரே கூச்சல், வடுகபட்டிச் சந்தையாம், பூண்டு ஏற்றிக்கொண்டு வெள்ளனே கிளம்பிவிட்டாராம். "பெரியப்பா, கம்பி, கம்பிய என்ன பண்ணீங்க?" "என்னடா பண்ணுவாக, மாட்டுனபடிதான் கெடக்கு, பனி எறங்கிட்டா பகல்லயும் பன்னி வருதுல்ல, ஏன்டா…" அதோடு சிக்னல் போயிற்று. முன்சீட்டில் எதிர்வீட்டுச் சின்னத்தாயி அக்கா திரும்பிப் பார்த்தாள். "ஏலே கந்தவேலு, ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? உன் பேய்ப் படத்தப் பாத்துட்டு என் மகன் கக்கூசுக்குத் தொணைக்கு ஆள் தேடுறான், நீயே பயந்துட்டா எப்படிடா?" சேனாதிபதிப் பெரியப்பா கம்பியில் கரண்ட், கீழே ஆள் இறங்குது என்று குளறினான். அவள் கையை விசிறினாள். "அட போடா, காலைலருந்து ஊருக்கே கரண்டு இல்ல, லைன் மேல மரம் சாஞ்சு கெடக்கு, உங்கம்மா போன்லயே சார்ஜ் இல்லாமத்தான் எடுக்க மாட்டேங்குறா, வெறுங் கம்பி என்ன பண்ணும், துணியா காயப் போடும்?"

கரண்ட் இல்லை… ஆமாம், ஸ்பீக்கர்தான் பேட்டரி, கம்பி மோட்டார் லைன், சத்தம் கேட்பதால் கம்பியும் உயிரோடு இருக்கிறது என்று யார் சொன்னது, எவ்வளவு எளிய விஷயம், அவன் சிரித்தேவிட்டான், சின்னத்தாயியும் சிரித்தாள், மூன்று பையன்கள் செத்த கம்பியைத் தாண்டிப் போய், மூக்கையாவின் குரலில் கத்துகிற டப்பாவைக் கண்டு, திட்டிவிட்டுத் திரும்புவார்கள், பஸ் நின்றதும் ஓடினால் பத்து நிமிடம், மோட்டார் ரூமில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டால் ஆயிற்று… பஸ் வளைவு திரும்பியது. மேகத்துக்குள் மஞ்சளாக ஏதோ இருந்தது, நெருங்க நெருங்க அது டீக்கடை பல்பானது, அதற்கடுத்த வீட்டில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று.

"அப்பாடா, கரண்டு வந்துருச்சு," என்றாள் சின்னத்தாயி, பஸ்ஸே கொஞ்சம் சந்தோஷப்பட்டது, யாரோ கைதட்டினார்கள். "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று எழுந்து கத்தினான், சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்குப் பாய்ந்தான், கண்டக்டர் ஏதோ திட்டினார், அப்போது சிக்னல் திரும்பிக் கையில் போன் அதிர்ந்தது, ஒருமுறை, மறுமுறை, பிரசாந்த் நேரலையில் இருக்கிறான் என்றது, திறந்தான், திரை முழுக்க வெறும் வெள்ளை மேகம், உள்ளே எங்கோ மூன்று தகரம், 'ஏய்ய்ய்', நாய்… அந்த வெள்ளையில் ஒரு காலையோ கையையோ தேடியிருக்க வேண்டிய கண், அதற்கு முன்பே திரையின் மூலைக்குப் போய் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணைப் படித்துவிட்டதை, பஸ்ஸிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்தபடி, கந்தவேல் கவனித்தான்.